சோரல், ஸோபோ, கர்கதே: விருந்துக்குச் சிவப்புப் பானம் எந்த முறையில் போடலாம்?

டிசம்பர் நெருங்கினால் டொரண்டோ, லண்டன் பக்கம் இருக்கும் வாசகர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு ஜமைக்காக் குடும்பம் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த அந்த இஞ்சி மணக்கும் சிவப்புப் பானத்தை நாமும் வீட்டு விருந்துக்குப் போடலாமா, போட்டால் எப்படி? தேடிப் பார்த்தால் தலை சுற்றும். அரை மணி நேரம் கொதிக்க விடு என்கிறார் ஒருவர். கொதிக்கவே கூடாது என்கிறார் இன்னொருவர். பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டால் போதும் என்கிறார் மூன்றாமவர். மூவரும் தப்பாகச் சொல்லவில்லை. அவரவர் ஊர் வழக்கத்தைச் சொல்கிறார்கள். ஜமைக்காவில் இதற்குச் சோரல் என்று பேர், நைஜீரியாவில் ஸோபோ, எகிப்தில் கர்கதே. உங்கள் விருந்துக்கு எது ஒத்துவரும் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

## முதலில், எந்தப் பூ?

இந்தப் பானத்துக்கு வேண்டியது நம் வாசலில் பூக்கும் செம்பருத்தி அல்ல, ரோசெல் என்ற உறவுக்காரச் செடி. நம் புளிச்சக்கீரை வகைதான். ஆந்திராவில் கோங்கூராவுக்குப் பறிக்கும் சிவப்புத் தண்டுச் செடி. இதில் இதழுக்கு வேலையில்லை. இதழ் வாடி உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு சிவந்து நிற்கிற புல்லிவட்டம்தான் சரக்கு. எல்லோரும் அதைப் பூ என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களோடு கரீபியன் தீவுகளுக்குப் போன செடி இது. ஜமைக்காவில் 1707-லேயே இருந்ததாகப் பதிவு உண்டு. பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் பூக்கும் என்பதால் அங்கே அறுவடை நவம்பர், டிசம்பரில் வந்து விழும். கிறிஸ்துமஸ் பானமாக ஆனதற்கு அதுவே காரணம். நம் ஊரிலும் ஆனி, ஆடியில் விதைத்தால் கார்த்திகை, மார்கழியில் பறிக்கலாம்.

வாங்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் "காய்ந்த செம்பருத்திப் பூ" என்று கேட்டால் பெரும்பாலும் எண்ணெய் காய்ச்சுவதற்கு வைத்திருக்கும் சாதாரணச் செம்பருத்தி இதழைத்தான் தருவார்கள். அது காகிதம் போல மெல்லிசாக இருக்கும். ரோசெல் தடிமனாக, கருஞ்சிவப்பாக, ஐந்து நுனி சேர்ந்த சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும். ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும், புளித்தால் ரோசெல். செம்பருத்தி இதழை வெந்நீரில் போட்டால் ஊதா நிறம்தான் வரும், எலுமிச்சை பிழிந்த பிறகுதான் சிவக்கும். அதில் சர்பத் போடலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் இஞ்சி, கிராம்பு, பட்டை மூன்றையும் தாங்கி நிற்கிற புளிப்பு அதில் கிடையாது. அதனால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

## எதை வைத்து முடிவு செய்வது?

ருசியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் விருந்து அன்று மாட்டிக்கொள்வீர்கள். நான் முதலில் பார்ப்பது நேரம்: விருந்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறதா, இல்லை சாயங்காலமே ஆட்கள் வருகிறார்களா? அடுத்தது ஃப்ரிட்ஜ். இருபது பேருக்கு ஆளுக்கு இரண்டு தம்ளர், ஐஸ் போக தம்ளருக்கு 150 மில்லி என்று வைத்தாலும் 6 லிட்டர் வேண்டும். பாயசமும் பிரியாணிக்கு ஊறவைத்த கறியும் உட்கார்ந்திருக்கும் ஃப்ரிட்ஜில் 6 லிட்டருக்கு இடம் எங்கே?

அப்புறம் மசாலா எவ்வளவு தூக்கலாக வேண்டும், குடிக்கப்போவது யார் (குழந்தைகளா, சர்க்கரை உள்ளவர்களா, கொஞ்சம் ரம் எதிர்பார்க்கும் சித்தப்பாக்களா), மேசையில் எவ்வளவு நேரம் வெளியே நிற்கும், பூவுக்கு எவ்வளவு செலவாகும். வெளிநாட்டில் பூ சல்லிசு. தமிழ்நாட்டில் சின்னப் பொட்டலமாக வாங்கினால் கையைக் கடிக்கும்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. மசாலாவுக்குக் கொதி வேண்டும், பூவுக்கு வேண்டாம். கிராம்பு, பட்டை, இஞ்சி மூன்றும் சூட்டில்தான் வாசனையை விடும். பூவின் சிவப்பு நிறமோ கொதிக்கக் கொதிக்க மங்கிப் பழுப்புப் பக்கம் போகும், துவர்ப்பும் ஏறும். கீழே வரும் நான்கு முறையும் இந்த இழுபறியை ஆளுக்கொரு விதமாகச் சமாளிக்கின்றன.

## எல்லா முறைக்கும் பொதுவானவை

பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி, எனாமல் இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தச் சாற்றின் பிஹெச் (குறையக் குறையப் புளிப்பு கூடும் அளவு) பெரும்பாலும் 3-க்குக் கீழே, எலுமிச்சைச் சாற்றுக்குப் பக்கத்தில். விருந்து என்றதும் பரணிலிருந்து இறங்கும் அலுமினியக் குண்டானும் ஈயம் பூசாத பித்தளை அண்டாவும் இதற்கு ஆகவே ஆகாது. உலோகம் சாற்றில் இறங்கும், ருசியும் கெடும்.

தண்ணீரும் முக்கியம். உப்புக் கூடிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டால் நிறம் பளிச்சென்று வராது, மங்கலான ஊதாவாக நிற்கும். பூ மட்டம் என்று நினைத்து இன்னொரு கை அள்ளிப் போடத் தோன்றும். தேவையில்லை. குடிக்கிற கேன் தண்ணீரில் போடுங்கள், அல்லது கடைசியில் எலுமிச்சை பிழியுங்கள். கண் முன்னாலேயே சிவப்பு திரும்பி வரும்.

சர்க்கரை லிட்டருக்கு 100 கிராம் என்பது நடுத்தரம். ஜமைக்கா வீடுகளில் இதைவிடக் கூடவே போடுவார்கள். 100 கிராம் என்றாலும் 150 மில்லி தம்ளரில் 15 கிராம், ஏறக்குறைய நான்கு டீஸ்பூன். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்கட்டும், முடிந்தால் 25-க்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு தம்ளர் குடித்தாலே 30 கிராம். ஆரோக்கிய பானம் என்று பேர் வைத்து இதை ஊற்றிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. விருந்துப் பானம், அவ்வளவுதான். கருப்பட்டி, வெல்லம் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் நிறம் கலங்கும், வெல்ல வாசனைதான் மேலே நிற்கும். வெள்ளைச் சர்க்கரையோ பழுப்புச் சர்க்கரையோ போதும்.

## முறை 1: ஜமைக்கா சோரல் – கொதிநீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுவது

100 கிராம் காய்ந்த பூவுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். தண்ணீரில் தட்டிய இஞ்சி 75 முதல் 100 கிராம், கிராம்பு எட்டு, ஆல்ஸ்பைஸ் (மிளகு போலிருக்கும் ஒரு மசாலாக் காய்) ஒரு டீஸ்பூன், வெள்ளைப் பகுதி இல்லாமல் சீவிய ஆரஞ்சுத் தோல் போட்டுப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு பூவைப் போட்டு மூடுங்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் வடிகட்டினால், பூ குடித்த தண்ணீர் போக 2.2 லிட்டர் கிடைக்கும்.

ஆல்ஸ்பைஸ் ஜமைக்காவின் சொந்தச் சரக்கு. அங்கே பிமென்ட்டோ என்பார்கள். நம் ஊரில் கிடைக்காவிட்டால் பட்டை ஒரு துண்டு, இரண்டு கிராம்பு கூடுதல், ஜாதிக்காய் ஒரு சுரண்டல் சேர்த்தால் கிட்டத்தட்ட அந்த வாசனை வந்துவிடும். ட்ரினிடாடில் இதே பானத்தில் பட்டையும் கிராம்பும் முன்னால் நிற்கும். ஜமைக்காவில் இஞ்சிதான் தலைவர், தொண்டையில் இறங்கும்போது சுரீர் என்று தெரிய வேண்டும்.

இந்த முறையின் பலம், மசாலாவும் பூவும் தனித்தனியாகத் தமக்கு வேண்டிய சூட்டைப் பெறுவது. நிறம் ஆழமாக இருக்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் ருசி இன்னும் கூடி வரும். நான்கைந்து நாள் முன்பே போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பது விருந்து நடத்துகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. முதலாவது ஃப்ரிட்ஜ் இடம், ஒரு தட்டு முழுக்கப் போய்விடும். இரண்டாவது கிராம்பு. இரவு முழுக்க ஊறும்போது அது அடங்காமல் ஏறிக்கொண்டே போகும். கை தாராளமாகப் போட்டால் காலையில் மூடியைத் திறந்ததும் பல் வைத்தியர் அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். எட்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது கறை. வடிகட்டிய துணி, பிழிந்த விரல், மேசை விரிப்பு எல்லாம் சிவக்கும். வெள்ளை வேட்டிக்காரர்களுக்குப் பக்கத்தில் ஜக்கை வைக்காதீர்கள்.

சிலர் இஞ்சியைக் கொதிக்க விடாமல் பச்சையாகத் துருவிப் போடுவார்கள், காரம் புதிதாக இருக்கும் என்று. உண்மைதான். ஆனால் பச்சை இஞ்சியோடு நுண்ணுயிர்களும் உள்ளே போகும். சர்க்கரையைப் பார்த்ததும் நொதிக்க ஆரம்பித்துவிடும். கரீபியனில் வேண்டுமென்றே சில அரிசி மணிகளைப் போட்டு நொதிக்க விடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது தெரிந்து செய்வது. தெரியாமல் செய்தால் பாட்டில் கழுத்தில் பொடிப் பொடியாக நுரை ஏறும், பிளாஸ்டிக் பாட்டில் வயிறு உப்பும். இறுக்கி மூடிய கண்ணாடிப் பாட்டில் வெடிக்கவும் கூடும்.

ரம் விஷயம். ஜமைக்காவில் வ்ரே அண்ட் நெஃப்யூ ஓவர்ப்ரூஃப் ரம்மைச் சேர்ப்பது வழக்கம். அது 63 சதவீத ஆல்கஹால். ரம் சேர்த்ததும் சேர்க்காததும் நிறத்தில் ஒன்று போலவே இருக்கும். ஒரு பாட்டிலில் கலந்து வைப்பதைவிட, பானத்தைச் சும்மா வைத்து வேண்டியவர் தம்ளரில் மட்டும் ஊற்றிக்கொள்ளும்படி விடுவதே குழந்தைகள் ஓடும் வீட்டுக்கு நல்லது.

### பச்சைப் பூ கிடைத்தால்?

டிசம்பரில் டொரண்டோ, லண்டன் கரீபியன் கடைகளில் பச்சை சோரல் கிடைக்கும். வாசனையில் பழச்சாயல் கூடுதலாக இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: பத்துக் கிலோ பச்சைப் பூ காய்ந்தால் ஒரு கிலோ. ஆக 100 கிராம் காய்ந்ததற்கு ஈடாக ஒரு கிலோ பச்சை வேண்டும். அதிலும் ஒவ்வொன்றின் அடியையும் வெட்டி, நடுவில் இருக்கும் பச்சைக் காயைத் தள்ளி எடுக்க வேண்டும். 6 லிட்டருக்கு இரண்டே முக்கால் கிலோ பூவோடு உட்கார்ந்தால் மத்தியானம் போய்விடும், விரல் நுனி அரிக்கவும் செய்யும். நாலு பேர் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே செய்கிற வேலை அது. தனி ஆள் என்றால் காய்ந்த பூவே போதும். சொந்தத் தோட்டத்தில் புளிச்சை நிற்கிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அவர்கள் பறித்ததை வீணாக்கக் கூடாது.

## முறை 2: நைஜீரியா ஸோபோ – பூவையும் சேர்த்துக் கொதிக்க விடுவது

வட நைஜீரியாவின் ஹௌசா மக்களிடமிருந்து நாடு முழுக்கப் பரவிய பானம். காய்ந்த பூ, இஞ்சி, கிராம்பு, கூடவே அன்னாசித் தோல். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு இருபது நிமிடம் போலக் கொதிக்க விட்டு, ஆற வைத்து வடிகட்டுவார்கள். அன்னாசித் தோல்தான் இதில் கெட்டிக்காரத்தனம். தூக்கி எறியும் தோலிலிருந்து இனிப்பும் வாசனையும் இறங்கும், சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாம். தோலைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், கண்களில் மண் ஒட்டியிருக்கும்.

காலையில் போட்டால் சாயங்காலத்துக்குத் தயார். கொதியில் சாறு நன்றாக இறங்கிவிடுவதால் லிட்டருக்கு 30 கிராமுக்குக் கொஞ்சம் மேலே பூ இருந்தால் போதும். வடித்த பூவை இன்னொரு தரம் கொதிக்க விட்டு, இரண்டாவது சாற்றை முதல் சாற்றோடு கலக்கிற சிக்கனமும் உண்டு. வெயிலில் தரையில் காய்ந்த பூவாக இருக்கலாம் என்ற பயம் உள்ளவர்களுக்கும் இதுவே பாதுகாப்பு.

விலை என்ன? நிறமும் துவர்ப்பும். இருபது நிமிடத்தைத் தாண்டினால் சிவப்பு மங்கும், நாக்கு இழுக்கும். தேநீரைத் திரும்பத் திரும்பக் கொதிக்க விட்ட துவர்ப்பை விரும்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு இது குறையே இல்லை. கெடுவதும் சீக்கிரம்: அன்னாசிச் சாறும் பழத்துண்டும் சேர்ந்தால் வெளியே வைத்தது ஒரு நாளில் புளித்துவிடும். மூன்று நாளுக்கு மேல் ஃப்ரிட்ஜிலும் நான் வைப்பதில்லை. நம் ஊர் மே மாதத்தில் வெளியே மூன்று மணி நேரமே அதிகம்.

ஆறவிடும் நேரத்தையும் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். 6 லிட்டர் கொதிச்சாறு அண்டாவில் அப்படியே இருந்தால் குளிர்வதற்கு அரை நாள் ஆகும். சூடாக ஃப்ரிட்ஜில் வைத்தால் உள்ளே இருக்கும் பாலும் தயிரும் வெதுவெதுப்பாகும். பாதித் தண்ணீரில் கொதிக்க விட்டு, மீதிப் பாதியைக் குளிர்ந்த குடிநீராகச் சேருங்கள். அன்றைக்கே பரிமாறுவதற்கு இது ஒன்றுதான் வழி.

## முறை 3: எகிப்து, சூடான் கர்கதே – பச்சைத் தண்ணீரில் ஊறல்

எகிப்தில் கல்யாண வீட்டில் வாழ்த்துச் சொல்லிக் கோப்பை உயர்த்தும்போது கையில் இருப்பது கர்கதேதான். தென் எகிப்தில் இருக்கும் அஸ்வான் ஊர்ச் சரக்குக்குத் தனி மதிப்பு. சூடாகவும் குடிப்பார்கள், குளிராகக் குடிப்பதற்குப் பூவைக் குளிர்ந்த நீரில் ஊறவிடும் வழக்கமும் இருக்கிறது. பூவை ஒரு தரம் அலசி (அலசினாலே கொஞ்சம் நிறம் போகும், பரவாயில்லை), கொதித்து ஆறிய நீரில் போட்டு, ஃப்ரிட்ஜில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள்.

நிறத்தில் இதை அடிக்க மற்ற மூன்றாலும் முடியாது. கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கினால் மாணிக்கச் சிவப்பு. துவர்ப்பு இல்லை, பழ வாசனை அப்படியே நிற்கும். பூவை அடுப்பில் வைக்கவும் வேண்டாம்.

ஆனால் "மசாலாப் பானம்" என்று பார்த்தால் இங்கேதான் சறுக்கும். குளிர்ந்த நீரில் கிராம்பும் பட்டையும் அசைந்து கொடுக்காது. இரவு முழுக்கக் கிடந்தாலும் மேலோட்டமாக வாசனை வரும், அவ்வளவே. அதனால் இஞ்சி, கிராம்பு, பட்டையை ஒரு தம்ளர் நீரில் தனியாகக் கொதிக்க வைத்து, சர்க்கரையை அதிலேயே கரைத்து, ஆறிய பின் கலக்க வேண்டும். அடுப்பில்லாத முறை என்று ஆரம்பித்து அடுப்புக்கே வந்து சேர்வோம். பூவும் கூடச் செலவாகும், லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல். பூவில் கொதி படாததால் சுத்தத்துக்கு உத்தரவாதம் குறைவு. கைக்குழந்தைகளுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் நான் இதைக் கொடுக்க மாட்டேன்.

பத்துப் பேருக்குள் இருக்கும் சின்ன விருந்து, மசாலா லேசாக இருந்தால் போதும், பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்றால் இதைப் போடுங்கள்.

## முறை 4: சிரப் காய்ச்சி வைத்து, கலந்து கொடுப்பது

250 கிராம் பூ, 2 லிட்டர் நீர். முறை 1-ல் போலவே மசாலாவைக் கொதிக்க விட்டு, அணைத்து, பூவை ஊறவிட்டுப் பிழிந்தால் ஒன்றேகால் லிட்டர் கெட்டிச் சாறு கிடைக்கும். அதில் 800 கிராம் சர்க்கரையைச் சூடாகக் கரைத்தால் ஒன்றேமுக்கால் லிட்டர் சிரப். ஒரு பங்கு சிரப்புக்கு நான்கு பங்கு தண்ணீர் அல்லது சோடா என்று கலந்தால் எட்டேமுக்கால் லிட்டர் பானம்.

ஃப்ரிட்ஜ் பிரச்சினை இதோடு தீர்ந்தது. 6 லிட்டர் பானம் ஒன்றேகால் லிட்டர் பாட்டிலுக்குள் அடங்கிவிடும். மூன்று வாரம் ஃப்ரிட்ஜில் நிற்கும். வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கடைசி வரை தெரியாத விருந்துகளுக்கு, அதாவது நம் விருந்துகளுக்கு, இதுதான் கை கொடுக்கும். கலந்தது மிஞ்சாது, தேவைக்குத் தேவை கலக்கலாம். சோடாவில் கலந்தால் பெரியவர்கள் கூட இன்னொரு தம்ளர் கேட்பார்கள்.

குறை என்னவென்றால், ருசியின் கடிவாளம் சர்க்கரையின் கையில் இருக்கிறது. கெட்டியாக வேண்டும் என்று இன்னும் சிரப் ஊற்றினால் பூவோடு சேர்ந்து இனிப்பும் ஏறும். இனிப்பைக் குறைத்தால் சாறும் நீர்த்துப்போகும். மற்ற முறைகளில் லிட்டருக்கு 30 முதல் 55 கிராம் வரை பூ போகிற இடத்தில் இதில் 29 கிராம்தான். எலுமிச்சை பிழிந்து அந்தக் குறையை மறைக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒன்று போட்டாக வேண்டும். கலப்பதற்கு ஒரு ஆள் மேசைப் பக்கம் நிற்க வேண்டும். விருந்தாளிகளே கலந்துகொள்ளட்டும் என்று விட்டால் முதல் பத்துப் பேரிலேயே பாட்டில் காலி. கடையில் கிடைக்கும் ஆயத்தச் சிரப்புகளில் இஞ்சி பெரும்பாலும் பேருக்குத்தான் இருக்கும். வாங்கினால் இஞ்சிச் சாற்றைக் கொதிக்க வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஜமைக்கா ஊறல் | ஸோபோ கொதி | பச்சைத் தண்ணீர் ஊறல் | சிரப் |
|---|---|---|---|---|
| 6 லிட்டருக்குக் காய்ந்த பூ | 275 கிராம் | 200 கிராம் | 325 கிராம் | 175 கிராம் |
| எவ்வளவு முன்னால் | 1–5 நாள் | அன்றே | முந்தைய இரவு | 1–3 வாரம் |
| ஃப்ரிட்ஜ் இடம் | நிறைய | நிறைய | நிறைய | ஒரு பாட்டில் |
| மசாலா | ஆழம் | நல்ல காரம் | தனியாகச் சேர்க்க வேண்டும் | ஆழம் |
| நிறம் | கருஞ்சிவப்பு | கொஞ்சம் மங்கல் | மிகப் பளிச் | நன்று |
| சர்க்கரையைக் குறைக்க | முடியும் | மிக எளிது | முடியும் | கடினம் |
| ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் | 5–7 | 3 | 3 | 20 வரை |

## என்னைக் கேட்டால்

இருபது பேர் வரை, ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்ய முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஜமைக்கா முறை. சோரல் என்று பேர் சொல்லிக் கொடுக்கக்கூடிய ருசி அதில்தான் வரும், பக்கத்தில் ரம்மில் ஊறிய பழக் கேக் இருந்தால் இன்னும் நல்லது. ஆள் நாற்பது, ஐம்பது என்று போனாலோ, மண்டபத்துக்கு எடுத்துப் போக வேண்டியிருந்தாலோ சிரப்தான்; மற்ற மூன்றையும் அந்த அளவுக்குக் குளிர வைப்பது வீட்டு அடுக்களையால் ஆகிற காரியமில்லை. காலையில்தான் ஞாபகம் வந்தது, அல்லது வீட்டில் சர்க்கரைக்காரர்கள் அதிகம் என்றால் ஸோபோவைக் கையில் எடுங்கள்.

இரண்டைச் சேர்க்கவும் செய்யலாம். ஜமைக்கா முறையில் 4 லிட்டர் போட்டு, கூடவே ஒரு சின்னப் பாட்டில் சிரப் வைத்திருந்தால், எதிர்பாராமல் வந்து நிற்கும் ஆறு பேரைச் சோடாவோடு சமாளிக்கலாம். எந்த முறையானாலும் பானத்தில் கொஞ்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஐஸ் உருக உருகப் பானம் நீர்த்துப்போகும், இது போகாது.

## யாருக்குக் கொடுக்கும் முன் கேட்க வேண்டும்?

ரோசெல் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று சொல்வது வெறும் பேச்சு இல்லை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், லேசான ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆறு வாரம் தினமும் மூன்று கோப்பை குடித்ததில் அழுத்தம் குறைந்தது. அவர்கள் குடித்தது சர்க்கரை அள்ளிப் போட்ட விருந்துப் பானம் அல்ல என்பது வேறு விஷயம். ஏற்கெனவே ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தம்ளர் தம்ளராக இறக்குவதைத் தவிர்க்கட்டும். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை. அவர்களுக்கு இஞ்சி, எலுமிச்சை போட்டு வேறொரு ஜக் வைத்துவிடுங்கள். நெஞ்சு எரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால் புளிப்பு படுத்தும்.

## பிழிந்த சக்கையை என்ன செய்வது?

6 லிட்டர் போட்டால் ஒரு பாத்திரம் நிறைய ஊறிய பூ மிஞ்சும். மெக்சிகோவில் இதை வெங்காயத்தோடு வதக்கி டாக்கோ என்ற மடித்த ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுகிறார்கள். நாம் புளிச்சக்கீரைத் தொக்குக்குச் செய்வதுபோலவே நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், வரமிளகாய் தாளித்து, பூண்டோடு சுண்ட வதக்கலாம். புளிப்பில் பாதி பானத்துக்குப் போயிருக்கும், அதனால் நெல்லிக்காய் அளவு புளி சேர்க்க வேண்டிவரும். ஊறிய கிராம்பையும் ஆரஞ்சுத் தோலையும் முதலில் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கொதி படாத முறை 3-ன் சக்கையில் புளிப்பு கூடுதலாக நிற்கும், தொக்குக்கு அதுதான் வாகு. ஸோபோ சக்கை குழைந்துபோயிருக்கும், அது உரக்குழிக்குத்தான்.